ராமநாதபுரம் கடற்கரை சிறப்பு மருத்துவர்களுக்கு: சி.எம்.இ. கிரெடிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று சிதறிக் கிடக்கும் ஊர்களில், ஒரு துறைக்கு ஒரே ஒரு டாக்டர் இருந்தாலே பெரிய விஷயம். இருக்கிற ஒரு குழந்தை டாக்டரோ மயக்க மருந்து டாக்டரோ காலையில் மதுரைக்குக் கிளம்பிவிட்டால், அன்றைக்கு அந்த ஊரில் அந்தத் துறையே கிடையாது. இப்படி இருக்கையில் தொடர் மருத்துவக் கல்வியை, அதாவது நாம் எல்லோரும் சி.எம்.இ. என்று சொல்வதை, எப்படி முடிப்பது? மருத்துவச் சங்கக் கிளைக் கூட்டங்களிலும் போனிலும் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதி எது, என் கருத்து எது என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் எத்தனை மணி நேரம் வேண்டும்?

ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த தொழில் நடத்தை விதிமுறைகளில் 1.2.3 என்ற பிரிவு இதைச் சொல்கிறது. பெயர்பெற்ற தொழில்முறைக் கல்வி அமைப்புகளோ, அங்கீகாரம் பெற்ற வேறு அமைப்புகளோ நடத்தும் நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும்; பங்கேற்றதை மாநில கவுன்சிலுக்கோ மத்திய கவுன்சிலுக்கோ தெரிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

"அந்தக் கவுன்சிலே இப்போது இல்லையே?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். உண்மைதான். 2020 செப்டம்பரில் அதன் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்துவிட்டது. ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதமே அவற்றை நிறுத்திவைத்துவிட்டு, 2002 விதிகளையே திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நிறுத்திவைத்த அந்த விதிகளின் பி.டி.எஃப். இன்னமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. யாராவது அனுப்பிவைத்துப் பதறினால் பதறாதீர்கள். இரண்டிலும் எண்ணிக்கை ஐந்து ஆண்டுக்கு 30 தான்.

ஆண்டுக்கு ஆறு மணி நேரம். பெரிய சுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்தில் சிக்கல் மணிக்கணக்கில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

எம்.டி., எம்.எஸ்., டி.எம். முடித்தவர்களுக்குத் தனிக் கணக்கா?

இல்லை. எம்.பி.பி.எஸ். டாக்டருக்கும் இதய சிகிச்சை நிபுணருக்கும் அதே 30. தன் துறையில்தான் இத்தனை மணி நேரம் என்றும் 2002 விதி பிரிக்கவில்லை.

ஆனால் சிறப்பு மருத்துவர்கள் மறந்துவிடும் வேறொரு வேலை இருக்கிறது. பட்ட மேற்படிப்பை மாநில கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா? அந்தத் துறையில் தகுதி இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. தகுதி கையில் இருந்தும் பதிவேட்டில் ஏறாமல் விட்டுவைத்தால், பின்னால் பதிவைப் புதுப்பிக்கும்போது தலைவலி. கிரெடிட்டைப் பற்றிக் கேட்க வந்தவர்களில் சிலரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், 30-இல் ஒரு பத்தையாவது உங்கள் துறைக்கு வெளியே வையுங்கள். சிறிய ஊரில் எலும்பு முறிவு டாக்டரிடமும் நெஞ்சுவலிக்காரர் வந்து நிற்பார். மகப்பேறு டாக்டரிடம் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு டெங்கு இருக்கும். மதுரையில் இருந்தால் பக்கத்து வார்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். இங்கே அந்த வார்டு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

எது கணக்கில் சேரும், எது சேராது?

நிகழ்ச்சிக்கு முன்னதாகவே மாநில மருத்துவ கவுன்சில் "கிரெடிட் அவர்", அதாவது 30-இல் சேரும் மணி நேரம், ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எளிய சோதனை இதுதான். நமக்குச் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அழைப்பிதழில் "கிரெடிட் அவருக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று போட்டிருந்தால் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அமைப்பாளரைக் கூப்பிட்டு அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, பணம் கட்டப்போவது நீங்கள்.

யூடியூபில் உரை கேட்பது, ஜர்னல் படிப்பது, ஆஸ்பத்திரிக்குள்ளேயே திங்கட்கிழமை காலை நடக்கும் கேஸ் விவாதம், இவை எதுவும் தானாகக் கணக்கில் ஏறாது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு தாய் இறந்துபோனால் மாவட்ட அளவில் உட்கார்ந்து, எந்த மணிக்கு வலி வந்தது, எந்த மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது, ரத்தம் எப்போது ஏற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம். அதில் கற்றுக்கொள்ளும் பாடம் நட்சத்திர ஓட்டல் ஹாலில் கேட்கும் உரையில் கிடைக்காது. இருந்தாலும் ஓட்டல் உரைக்குச் சான்றிதழ் உண்டு, இதற்குக் கிடையாது.

வழி இருக்கிறது. நோயாளியின் அடையாளத்தை எல்லாம் நீக்கிவிட்டு, அதே பாடங்களை வைத்து மருத்துவக் கல்லூரித் துறையோ சங்கக் கிளையோ முறையாக விண்ணப்பித்து ஒரு சி.எம்.இ. நடத்தலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சார், மதுரைக்குப் போனால் ஒரு நாள் ஓ.பி. போய்விடுகிறது. வேறு வழியே இல்லையா?

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு விடியற்காலையிலேயே வண்டி எடுக்க வேண்டும், திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஓ.பி. மட்டுமா போகிறது, முந்தின நாள் ஆபரேஷன் செய்த நோயாளியை யார் பார்ப்பது என்ற கவலையும் கூடவே வரும்.

முதல் வழி, ஜோடி போட்டுக்கொள்வது. ஒரே துறையில் ராமநாதபுரத்தில் ஒருவர், கீழக்கரையில் ஒருவர் இருந்தால், ஆண்டுத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து "இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போங்கள், அடுத்ததற்கு நான் போகிறேன், போகாதவர் இரண்டு பேரின் அவசரக் கேஸையும் பார்ப்பது" என்று பேசிவைத்துவிடலாம். தொழில் போட்டி இருக்கிற இடத்தில் இது நடக்குமா என்று சிரிப்பார்கள். மயக்க மருந்து டாக்டர்களிடம் வெகுகாலமாக நடக்கிறது. அவர்கள் அப்படிச் செய்யாவிட்டால் தூங்கவே முடியாது.

இரண்டாவது, நாள் பார்ப்பது. பஞ்சாங்கம் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் கிட்டத்தட்ட அதுவேதான். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, சிவராத்திரி நாட்களில் ராமேஸ்வரத்தில் இருக்கும் டாக்டர் தீவை விட்டு நகர முடியாது. நெரிசலில் மயங்கி விழுகிறவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர் என்று கூட்டம் நிற்கும். ஏர்வாடியில் சந்தனக்கூடு சமயம் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குடலிறக்கம், கண்புரை எல்லாவற்றையும் அப்போதுதான் முடித்துக்கொள்ள வருவார்கள். அறுவை சிகிச்சை டாக்டர்கள் அந்த இரண்டு மாதத்தில் வெளியூர்க் கூட்டம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் பயணத் திட்டம் எதுவும் நிற்காது. இவற்றைக் கழித்துப் பார்த்தால் பிப்ரவரி, மார்ச், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் சில வாரங்கள் மிஞ்சும். ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு அது போதும்.

மூன்றாவது, மதுரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. கல்லூரி வந்த பிறகு இங்கேயே பேராசிரியர்கள் இருக்கிறார்கள், துறைகள் இருக்கின்றன. தனியார் டாக்டர்கள் பலர் இன்னும் அதை "பெரியாஸ்பத்திரி" என்று மட்டும் பார்க்கிறார்கள். அங்கே உங்கள் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்து, அடுத்த சி.எம்.இ. நடக்கும்போது எனக்கும் சொல்லுங்கள் என்று பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முழுவதையும் ஆன்லைனில் முடித்துவிடலாமா?

கவுன்சில் கிரெடிட் ஒதுக்கிய வெபினார் என்றால் அதன் சான்றிதழ் செல்லும். வெளிநாட்டுத் தளங்களின் இலவசப் பாடங்களில் அருமையானவை உண்டு. அவற்றைப் படியுங்கள், ஆனால் அந்தச் சான்றிதழை நம் கவுன்சில் கணக்கில் வைத்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெபினாரைத் திறந்து வைத்துவிட்டு ஓ.பி. பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கிரெடிட் கிடைக்கும், மண்டையில் ஒன்றும் ஏறாது. நடுவில் பாம்பன் காற்றுக்கு நெட் போய்விட்டால் கிரெடிட்டும் கிடைக்காது.

கையால் செய்து பழக வேண்டியதை நேரில் மட்டுமே கற்க முடியும். பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுப்பது, கடினமான கழுத்தில் குழாய் போடுவது, அல்ட்ராசவுண்டில் நெஞ்சைப் பார்ப்பது, இதற்கெல்லாம் பயணம் போங்கள். புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறது, மருந்து அளவு மாறியிருக்கிறது என்பதற்கு வீட்டில் உட்கார்ந்து கேட்டால் போதும். 30 மணி நேரத்தை இப்படிப் பிரித்தாலே பயணம் பாதியாகிவிடும்.

மருந்துக் கம்பெனி ரெப் வந்து "டாக்டர், டிக்கெட், ரூம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். போகலாமா?

போகக் கூடாது. 2002 விதிகளில் 6.8 என்ற பிரிவை 2009 டிசம்பரில் சேர்த்தார்கள். டெலிகேட்டாகக் கலந்துகொள்ளும் மாநாடு, கருத்தரங்கு, சி.எம்.இ. எதற்கும் மருந்து நிறுவனத்திடமிருந்து பயண வசதியோ, தங்கும் வசதியோ, பரிசோ வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். மீறினால் என்ன தண்டனை என்பதையும் பின்னால் சேர்த்தார்கள்.

அந்தப் பக்கமும் கதவை அடைத்துவிட்டார்கள். டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களை நிறுவனம் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறையில், பேச்சாளராக அல்லாமல் வரும் டாக்டருக்குப் பயணச் செலவும் ஓட்டல் அறையும் கிடையாது. இந்தியாவுக்கு வெளியே இப்படி நிகழ்ச்சி நடத்தவும் கூடாது.

"நம் ஊர் கூட்டத்துக்கு மைக் செட், ஹால் வாடகைக்கு ஒரு ஸ்டால் போட்டால்?" என்று கேட்பார்கள். ஸ்டால் வாடகையை அமைப்பின் வங்கிக் கணக்கில், ரசீதோடு வாங்கி, கணக்கில் காட்டுவது வேறு. தனித்தனி டாக்டருக்குச் சலுகை போவது வேறு. ஆனால் தலைப்பையும் பேச்சாளரையும் கம்பெனி முடிவு செய்ய ஆரம்பித்தால் அது சி.எம்.இ. இல்லை, விளம்பரக் கூட்டம். கம்பெனியின் புதிய மாத்திரையைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்பதைவிட மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் பத்து நிமிஷம் பேசினால் நான் அதற்குத்தான் போவேன்.

சரி, எந்தத் தலைப்புகளைத் தேடிப் போவது?

இதை யாராவது முதல் கேள்வியாகக் கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை. பெரும்பாலும் "எங்கே சீக்கிரம் கிரெடிட் கிடைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்த ஆண்டு உங்கள் வாசலில் யார் வந்து நிற்கப்போகிறார் என்று யோசித்துத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். பெருநகர மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் நம் கடற்கரை அநேகமாக இருக்காது.

கடல் பாம்பை எடுத்துக்கொள்வோம். வலையைப் பிரிக்கும்போது கடித்துவிடும். பல சமயம் வலியே இருக்காது. மீன் முள் குத்தியது என்று மீனவர் விட்டுவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து உடம்பெல்லாம் தசை வலி, தாடை இறுக்கம், அப்புறம் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது. கடல் பாம்பு விஷத்துக்கு அது வேலை செய்யாது. ஆகவே நீர்ச்சத்து, பொட்டாசியம், மூச்சு, தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று முன்கூட்டியே யோசித்து அனுப்பத் தெரிந்த டாக்டர் வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. பார்த்த கேஸைத் தெரிவிப்பதும் இப்போது நம் கடமை. இந்த ஒரு தலைப்புக்கே பொது மருத்துவர், சிறுநீரக நிபுணர், மயக்க மருந்து டாக்டர், அவசர சிகிச்சைக்காரர் நான்கு பேரும் ஒரே அறையில் உட்காரலாம்.

திருக்கை வால் குத்து, கெளுத்தி முள் குத்து இரண்டிலும் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் காலை முக்கிவைத்தாலே வலி நன்றாகக் குறையும். இதைத் தெரியாமல் வலி ஊசி மேல் ஊசி போடுகிறவர்கள் உண்டு. உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருக்கும் ஒருவருக்குக் கடல் நீரில் புண் ஆகி, ஒரே இரவில் கால் வீங்கிக் கொப்புளம் கட்டினால் விப்ரியோ கிருமியை நினைக்க வேண்டும். சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அதற்குப் போதாது. அறுவை டாக்டரையும் அப்போதே கூப்பிட வேண்டும்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் வினிகர் ஊற்றலாமா என்பதற்கு எல்லாச் சொறிக்கும் ஒரே பதில் கிடையாது. தோல் டாக்டரும் குழந்தை டாக்டரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பேத்தை மீன் சாப்பிட்டு உதடு மரத்து, மூச்சு தளர்ந்து வருகிறவருக்கு முறிவு மருந்து கிடையாது. விஷம் இறங்கும்வரை வென்டிலேட்டரில் மூச்சைக் காப்பாற்றினால் பிழைத்துக்கொள்வார். சங்கு குளிக்கிறவர் மூட்டு வலி என்று வந்தால், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததால் இருக்குமோ என்று நினைத்து, எத்தனை பாகம் ஆழம், மூச்சடக்கியா காற்றுக் குழாய் வைத்தா, மேலே எவ்வளவு வேகமாக வந்தார் என்று கேட்க எலும்பு டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருக்கிறவர்கள். அவர்களின் கண், தோல், சிறுநீர்த் தொற்று பற்றி யாரும் தனியாக ஓர் உரை வைத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது. தர்காவுக்கு நேர்த்தியோடு வரும் குடும்பத்தைப் பிரார்த்தனையிலிருந்து பிரிக்காமலே மருந்துக்கும் கொண்டுவரும் "தவா துவா" முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தையும் இந்த முறையையும் மனநல மருத்துவர்கள் மட்டும் தெரிந்திருந்தால் போதாது. வலிப்புக்கும் காய்ச்சலுக்கும் அந்த நோயாளிகள் நம் எல்லோரிடமும்தான் வருகிறார்கள்.

நாமே இங்கே ஒரு சி.எம்.இ. நடத்தினால் என்ன?

நடத்துங்கள். இந்தக் கடற்கரைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. நாற்பது டாக்டர்கள் மதுரைக்குப் போவதைவிட இரண்டு பேச்சாளர்கள் இங்கே வருவது எளிது.

தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, உங்கள் துறைச் சங்கத்தின் கிளை, மருத்துவக் கல்லூரித் துறை ஆகியவற்றில் ஒன்றின் பெயரில் போக வேண்டும். தேதி, இடம், மணிவாரியாக நிகழ்ச்சி நிரல், பேச்சாளர்களின் தகுதி, இவற்றோடு கவுன்சிலுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். நடத்தி முடித்துவிட்டுப் பின்னால் கிரெடிட் கேட்கிற வேலை வேண்டாம். பேச்சாளருக்கும் கிரெடிட் உண்டா, எத்தனை என்பதையும் விண்ணப்பிக்கும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துவிட்டு அப்புறம் நெளியக் கூடாது. வருகைப் பதிவேட்டில் பதிவு எண், கையெழுத்து, வந்த நேரம், போன நேரம் எல்லாம் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவருக்குச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தை முதல் நிகழ்ச்சியிலேயே நிறுத்திவிட்டால் மரியாதை கூடும்.

எப்படி நடத்துவது என்பதிலும் யோசனை வேண்டும். கல்விக் கூட்டங்கள் டாக்டர்களின் நடைமுறையை மாற்றுகின்றனவா என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2009-இல் வந்தது. விரும்பிய மாற்றம் சராசரியாக ஆறு சதவீத அளவில் கூடியது. உரையோடு கலந்துரையாடலும் பயிற்சியும் சேர்ந்த கூட்டங்கள் கூடுதலாகப் பயன் தந்தன. ஆகவே நான்கு உரைகளை வரிசையாக அடுக்காமல், ஓர் உரை, அப்புறம் நம் மாவட்டத்துக் கேஸ் இரண்டு, பிறகு பொம்மையில் பயிற்சி என்று வையுங்கள். கேஸ் சொல்கிறவர் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. தொண்டி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடல் பாம்புக் கடியை முதலில் பார்த்த இளம் டாக்டர் வந்து, அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தார், எதில் தடுமாறினார் என்று சொன்னால் அதற்கு ஈடு கிடையாது.

ஞாயிறு காலை பத்து முதல் இரண்டு வரை வையுங்கள். மாலையில் வைத்தால் பிரசவ டாக்டர்கள் வரமாட்டார்கள்.

சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்வது?

வாங்கின அன்றைக்கே செல்போனில் படம் எடுத்து ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள். அதில் உங்கள் பெயர், பதிவு எண், தேதி, கிரெடிட் அவர் எண்ணிக்கை, கவுன்சில் அனுமதி விவரம் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துப் பயனில்லை.

நமக்கே உரிய தொல்லை தலைப்பெழுத்து. கவுன்சில் பதிவேட்டில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், சான்றிதழில் முன்னால் இருக்கும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண் டாக்டர்களுக்கு இன்னும் கஷ்டம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேடு ஆதாரோடு இணைந்தது. பெயர் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அங்கே மாட்டிக்கொள்ளும். சி.எம்.இ. பதிவு படிவத்தில் எப்போதும் கவுன்சில் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஐந்து ஆண்டு முடியப்போகிறது, கையில் பாதிகூட இல்லை. என்ன செய்வது?

முதலில் பழைய மின்னஞ்சல்களைத் தேடுங்கள். போய்வந்த மாநாட்டின் சான்றிதழை இறக்காமலே விட்டிருப்பீர்கள். பலருக்கு அதிலேயே பாதிக் குறை தீர்கிறது. மீதிக்கு, உங்கள் துறையின் மாநில ஆண்டு மாநாட்டில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் நல்ல எண்ணிக்கை வரும். 2023 பதிவு விதிமுறைப்படி (நிறுத்திவைத்த நடத்தை விதிகள் அல்ல, இது வேறு) தொழில் உரிமம் ஐந்தாண்டு செல்லும், புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே போடலாம். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டினால் வராமலே சான்றிதழ் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். பொய்ச் சான்றிதழ் நடத்தை விதி மீறல். 30 மணி நேரக் குறையைவிட அது பெரிய வினை.

அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். விடுப்பு கிடைக்குமா?

அனுமதியை நிகழ்ச்சிக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழி உத்தரவு போதாது. உங்கள் இடத்தில் யார் பணி பார்ப்பார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதினால் கையெழுத்து சீக்கிரம் விழும். அரசு நடத்தும் பணிப் பயிற்சிக்கும் கவுன்சில் கிரெடிட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பயிற்சிக்குக் கிரெடிட் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

துபாய், சிங்கப்பூர் போக யோசனை. இந்த கிரெடிட் அங்கே செல்லுமா?

கீழக்கரை, தொண்டி பக்கம் அடிக்கடி வரும் கேள்வி. அப்படியே செல்லாது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு. சிங்கப்பூரில் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு 50 புள்ளி, அதில் ஒரு பகுதி சொந்தத் துறையில். பிரிட்டனில் ராயல் காலேஜ் எனப்படும் துறைவாரி மருத்துவர் அமைப்புகள் ஆண்டுக்கு 50, ஐந்தாண்டுக்கு 250 என்று வைத்திருக்கின்றன. 2012 டிசம்பர் முதல் அங்கே ஆண்டு மதிப்பீடும் ஐந்தாண்டு மறு உறுதிப்பாடும் நடக்கிறது. கற்றதைப் பற்றிச் சிந்தித்து எழுதவும் கேட்பார்கள். நம் 30 அதற்கு முன்னால் சிறியது. வளைகுடா நாடுகளில் உரிமம் கொடுக்கும் அமைப்பு ஊருக்கு ஊர் வேறு, துபாய் விதி அபுதாபிக்குப் பொருந்தாது. போகிற எண்ணம் இருந்தால் இப்போதிலிருந்தே எல்லாச் சான்றிதழையும் பாதுகாத்து வையுங்கள். நேர்காணலில் நீங்கள் தொடர்ந்து படிக்கிறவர் என்று காட்ட உதவும்.

ஓய்வு பெற்றுவிட்டேன், வீட்டில் சாயங்காலம் மட்டும் பார்க்கிறேன். எனக்கும் வேண்டுமா?

மருந்துச் சீட்டு எழுதுகிறவரை வேண்டும். உள்ளூர்க் கூட்டத்தில் வந்து உட்காருங்கள், பழைய கேஸ்களைச் சொல்லுங்கள். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறோம்.